காரணம் இருந்தால் குற்றம் இல்லையா?

கேள்வி: நாம் முடிவெடுத்ததாக உணர்வதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்று சோதனைகள் நிரூபித்துவிட்டன. மரபணுவும் வளர்ப்பும் மூளையும்தான் ஒருவனை ஆட்டிவைக்கின்றன. அப்படியிருக்க, குற்றவாளியைத் தண்டிப்பது அநியாயம் என்று ஒப்புக்கொண்டு சிறைகளை மூடிவிடலாமே?

பதில்: சிறைகளை மூடலாம் என்று யோசனை சொல்கிறீர்கள். நீதிபதிகளும் அரசுகளும் உங்கள் வாதத்தைக் கேட்டு, எடைபோட்டு, இதுவரை செய்துவந்ததை மாற்றிக்கொள்ளக்கூடியவர்கள் என்று நீங்கள் நம்புவதாகத்தானே இதற்குப் பொருள்? அந்த வல்லமையைக் குற்றவாளி ஒருவனுக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்? அவனை அவன் மூளை ஆட்டிவைக்கிறது என்றால், தண்டனை எழுதும் நீதிபதியையும் அவருடைய மூளைதான் ஆட்டிவைக்கிறது. அவர் அநியாயம் செய்கிறார் என்று குறைசொல்ல உங்களுக்கு இடமில்லை. பண்டைக் கிரேக்கத் தத்துவப் பள்ளிகளில் ஒன்றான ஸ்டோயிக் மரபைத் தொடங்கிய ஸீனோவைப் பற்றி, தத்துவவாதிகளின் வாழ்க்கையை எழுதிய டயோஜனிஸ் லெயர்ஷியஸ் ஒரு கதை சொல்கிறார். திருடியதற்காக அடிபட்ட அடிமை, “திருட வேண்டும் என்பது என் விதி” என்றானாம். “அடிபட வேண்டும் என்பதும்தான்” என்றாராம் ஸீனோ. அடிமையை அடித்தவருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் விதியைச் சாட்சிக்கு அழைத்தால் அது இரு தரப்புக்கும் சாட்சி சொல்லும்.

‘நிரூபித்துவிட்டன’ என்கிறீர்களே, என்ன நிரூபணமானது? மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் தங்களுக்குத் தோன்றியபோது கையை அசைக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அசைவுக்குச் சுமார் 550 மில்லிநொடி முன்பே மூளையில் மின்செயல்பாடு எழத் தொடங்கியது. அசைக்கும் எண்ணம் தோன்றியதாக அவர்கள் சொன்ன நேரமோ சுமார் 200 மில்லிநொடி முன்புதான். இந்த நொடியைவிட அடுத்த நொடியைத் தேர்ந்தெடுக்க எந்தக் காரணமும் இல்லாத ஓர் அசைவு அது. மாதக்கணக்கில் திட்டமிட்டு ஒருவரை ஏமாற்றுவதைப் பற்றி அதிலிருந்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? மேலும், தற்செயலாக ஏறி இறங்கும் மூளைச் செயல்பாடு ஒரு வரம்பை எட்டும்போதுதான் அசைவு நிகழ்கிறது என்று கொண்டாலும், லிபெட் கண்ட மின்செயல்பாட்டின் அதே வரைகோடு கிடைக்கும் என 2012இல் ஆரோன் ஷுர்கரும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள்.

எல்லா நிகழ்வுகளையும் முன்காரணங்களே தீர்மானிக்கின்றன என்ற நிர்ணயவாதத்தை நான் மறுக்கவில்லை. அப்படியே வைத்துக்கொள்வோம். ‘குணமாவது விதியானால், மருத்துவரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் குணமாவேன்’ என்று வாதிட்டவர்களுக்கு, மருத்துவரை அழைப்பதும் குணமாவதும் சேர்ந்தே விதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஸ்டோயிக் தத்துவவாதி கிரிசிப்பஸ் விடையளித்தார். யோசிப்பதும் தயங்குவதும் வெட்கப்பட்டுப் பின்வாங்குவதும் காரணச் சங்கிலிக்கு வெளியே நிற்பவை அல்ல. அதன் கண்ணிகளே அவை. ஆகவே ஒரு செயலுக்குக் காரணம் இருப்பதனாலேயே செய்தவர் குற்றத்திலிருந்து விடுபடுவதில்லை. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. இங்கிலாந்தில் 1843இல் வகுக்கப்பட்ட மெக்நாட்டன் விதிகள், மனநோயின் காரணமாகத் தான் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறியாத நிலையில் ஒருவர் இருந்தாரா என்று கேட்கின்றனவே தவிர, அவருடைய செயலுக்குக் காரணம் உண்டா என்று கேட்பதில்லை. தத்துவவாதி பி. எஃப். ஸ்ட்ராசன் 1962இல் முன்வைத்த வாதமும் இதை ஒட்டியதே: அறியாமல் மிதித்தவரையும், உறவாடும் மனநிலையில் இல்லாதவரையும் நாம் பழிப்பதில்லை, ஆனால் அந்தச் சலுகைகளில் எதையும் நிர்ணயவாதம் எல்லோருக்கும் பொதுவாக வழங்கிவிடாது.

எதிர்த்தரப்பு வலுவற்றது என்று சொல்லமாட்டேன். இயற்கை விதிகளும் நாம் பிறப்பதற்கு முந்தைய உலக நிலையும் நம் கையில் இல்லை; நம் செயல்கள் அவற்றின் விளைவுகளே என்றால் அவையும் நம் கையில் இல்லை என்று தத்துவவாதி பீட்டர் வான் இன்வாகன் 1983இல் வாதிட்டார். இதற்குச் சுலபமான பதில் கிடையாது. அணுத்துகள்களின் அளவில் நிகழும் குவாண்டம் தற்செயலைத் துணைக்கு அழைப்பவர்களுக்கும் அது உதவாது. தற்செயலாக நேர்ந்தது என் செயலாகிவிடுமா? ஸ்ட்ராசனின் மகன் கேலன் ஸ்ட்ராசனோ, யாரும் தம் குணத்தைத் தாமே அடியிலிருந்து படைத்துக்கொள்ளாததால் இறுதிப் பொறுப்பு யாருக்கும் இல்லை என்று தந்தைக்கு எதிர்த்திசையில் போனார். துன்பம் தருவதே நீதி என்று நினைக்கும் பழிவாங்கும் தண்டனையை இந்த வாதம் அசைத்துவிடுகிறது என்றே நானும் கருதுகிறேன். உங்கள் கேள்வியில் நான் ஏற்கும் பகுதி அவ்வளவுதான்.

ஆனால் சிறைக்கதவு அதனால் திறந்துவிடாது. விருப்பச் சுதந்திரத்தை அடியோடு மறுக்கும் தத்துவவாதி டெர்க் பெரபூம்கூட, தொற்றுநோயாளியைத் தனிமைப்படுத்துவதுபோல ஆபத்தானவர்களைக் குறைந்த துன்பத்துடன் அடைத்துவைக்கலாம் என்கிறார். அங்கேதான் எனக்கு அச்சம். தொற்று உள்ளவர் யாருக்கும் தீங்கு செய்யாமலேயே அடைக்கப்படுகிறார். ஆபத்து மட்டுமே அளவுகோலானால், இன்னும் எதுவும் செய்யாதவரையும் முன்கூட்டியே அடைக்கலாமே! அதைத் தடுக்க என்று வேறு வேலிகளை பெரபூமின் தரப்பினர் தேடுகிறார்கள். செய்யாதவரைத் தொடக்கூடாது என்ற வேலி நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. செய்தவரே பொறுப்பு என்ற எண்ணத்தின்மேல் அது நிற்கிறது, நீங்கள் கைவிடச் சொல்வதும் அந்த எண்ணத்தைத்தான்.