அன்று மழை பெய்ததா?

அன்புள்ள ஐயா,

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் மனைவியும் ஒன்பது வயது மகளும் புதிர் விளையாடுவோம். ஒருவர் பாதிக் கதை சொல்வார். மற்றவர்கள் ஆம், இல்லை என்று பதில் வரும்படி கேள்வி கேட்டு மீதியைக் கண்டுபிடிக்க வேண்டும். போன வாரம் லிஃப்ட் புதிர் சொன்னேன். பத்தாவது மாடிக்காரர் காலையில் லிஃப்டில் தரைத்தளம் வரை இறங்குகிறார். திரும்பும்போது ஏழாவது மாடியில் இறங்கி, மீதியைப் படியேறிப் போகிறார். ஏன்? மகள் எடுத்த எடுப்பில் "அன்னைக்கு மழை பெஞ்சுதாப்பா?" என்றாள். "யோசிச்சுக் கேளு" என்றேன். முகம் வாடிவிட்டது, அதன்பின் விளையாட வரவில்லை. நான் கணினித் துறையில் இருப்பவன். ஒவ்வொரு கேள்வியும் சாத்தியங்களைப் பாதியாக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். நல்ல கேள்வி கேட்க அவளை எப்படிப் பழக்குவது? இதனால் அறிவுத்திறன் கூடுமா? எந்தச் செயலி நல்லது?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

செயலி வேண்டாம். வீட்டில் மூன்று பேர் இருக்கிறீர்கள், போதும். அறிவுத்திறன் பேச்சையும் விட்டுவிடுங்கள். இந்த வகைப் புதிர்களுக்கு வேண்டிய பக்கவாட்டுச் சிந்தனையை, அதாவது வழக்கமான வழியை விட்டு வேறு பக்கமிருந்து யோசிப்பதை, 1967இல் முன்வைத்த எழுத்தாளர் எட்வர்ட் டி போனோவே, அறிவுத்திறன் வேறு, சிந்திக்கும் பழக்கம் வேறு என்றுதான் வாதாடினார்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த மழைதான். புதிரின் முழு வடிவம் உங்களுக்குத் தெரியுமா? மழை நாளில் அவர் பத்தாவது மாடிக்கே லிஃப்டில் போவார். ஆள் குள்ளம், ஏழாம் எண் பட்டன் வரைதான் கை எட்டும். மழையென்றால் கையில் குடை இருக்கும். குடை நுனியால் பத்தை அழுத்திவிடுவார். "இல்லை" என்று மட்டும் நீங்கள் பதில் சொல்லியிருந்தால், "பெஞ்சா வேற மாதிரி போவாரா?" என்று அவள் அடுத்துக் கேட்டிருக்கலாம். குருட்டாம்போக்கில் கேட்டாள் என்பீர்கள். கேட்கட்டுமே!

புதிர் சொல்பவருக்கு ஆம், இல்லை, சம்பந்தமில்லை என்ற மூன்று பதில்கள்தான் உண்டு. "யோசிச்சுக் கேளு" என்ற நாலாவது பதிலைச் சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? விடை கையில் இருக்கிறது என்பதற்காகக் கேள்விக்கெல்லாம் மார்க் போடுவீர்களா? பகல் முழுக்க அதைப் பள்ளியில் பட்டுவிட்டுத்தானே குழந்தை வீட்டுக்கு வருகிறது?

பாதியாக்கும் கணக்குக்கு வருகிறேன். ஒருவர் மனதில் நினைத்த பொருளை இருபது கேள்விக்குள் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. 1946இல் அமெரிக்க வானொலியில் தொடங்கிய இருபது கேள்விகள் நிகழ்ச்சி அதுதான். அதற்கு அது பொருந்தும். ஒவ்வொரு பதிலும் சரிபாதியை ஒதுக்கினால், இருபது கேள்விகளில் 10,48,576 பொருள்களிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்துவிடலாம். ஆனால் அங்கே தேடுவது ஒரு பொருளை என்று முன்கூட்டியே தெரியும். லிஃப்ட் புதிரில் எதைப் பாதியாக்குவீர்கள்? கேட்பவர் மனதில் ஆறடி உயர ஆள் ஒருவர் தானாக வந்து நின்றுவிடுகிறார். விடை அவருக்குப் பின்னால் இருக்கிறது. அவரை நகர்த்த வேண்டும் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை.

இந்தப் புதிரை நான் முதலில் கேட்டது எங்கள் ஊர் டெய்லர் கடையில். படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தோம், சாயங்காலமானால் அந்தக் கடை பெஞ்சுதான் கதி. நண்பன் புதிர் போட்டான். லிஃப்ட் ரிப்பேரா, டாக்டர் நடக்கச் சொன்னாரா, ஏழாவது மாடியில் காதலியா என்று நாங்கள் மாறி மாறிக் கேட்டோம். எல்லாவற்றுக்கும் இல்லை. சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த டெய்லர் அண்ணன் லிஃப்டில் ஏறியதே இல்லை. கடைசியில் அவர் வாய் திறந்தார்.

"லிஃப்டை ஓட்ட ஆள் உண்டா தம்பி?"

"இல்லைண்ணே."

"அப்ப அவரே பட்டன் அமுக்கணுமா?"

"ஆமாண்ணே."

"சட்டையில இருக்கிற மாதிரி ஒண்ணுக்கு மேல ஒண்ணாவா?"

"ஆமா."

ஊசியை நிறுத்தினார். "ஆளு குட்டையா?"

நாங்கள் எல்லோரும் லிஃப்டில் போய்வந்தவர்கள். பட்டன் எங்கே இருக்கிறது என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் அவசியம் வரவில்லை. அவருக்குத் தெரியாது, அதனால் கேட்டார். இன்னொன்றும் உண்டு. நாங்கள் வாங்கிய அத்தனை "இல்லை"களையும் அவர் காதில் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். ரிப்பேர், டாக்டர், காதலி எதையும் அவர் திரும்பக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒருவர் வாங்கும் "இல்லை" அடுத்தவருக்கு உதவுகிறது. இதைச் சேர்ந்து விளையாடுவதன் சுகமே அதில்தான். உங்கள் மகளின் கேள்வியை வெட்டியபோது உங்கள் மனைவிக்குக் கிடைக்க வேண்டிய பதிலையும் சேர்த்து வெட்டிவிட்டீர்கள்.

அவளிடம் போய், மழைக் கேள்விதான் விடைக்குப் பக்கத்தில் இருந்தது என்று சொல்லுங்கள். குடையை வைத்து நடித்துக் காட்டுங்கள். அடுத்த புதிரை அவள் போடட்டும். நீங்கள் தரையில் உட்கார்ந்து கேளுங்கள். ஆனால் இந்த விளையாட்டில் பாதிக்கு மேல் சாவுக் கதைகள். ஜப்பானிலும் சீனாவிலும் இதற்குப் பெயரே கடலாமைச் சூப். உணவகத்தில் ஒரு வாய் சூப் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் உயிரை விடுகிறவனின் கதை அது. ஒன்பது வயதுக்கு வேண்டாம். மனைவியிடம் சொல்லி, உங்களுக்கு விடை தெரியாத ஒன்றாக அவளுக்குத் தேடிக்கொடுக்கச் சொல்லுங்கள்.