கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, அதில் இருந்த பழைய தொடர்பு எண்களை மீட்க முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: பத்து வருடமாகக் கடையில் ஓடிய கம்ப்யூட்டர் திடீரென்று நின்றுவிட்டது. வாடிக்கையாளர்களின் பெயரும் எண்ணும் அதில் மட்டும்தான் இருந்தன. சர்வீஸ்காரர் ஃபார்மட் போட வேண்டும் என்கிறார். என்ன செய்யலாம்?

ஃபார்மட் போட விடாதீர்கள். மீதியைப் படிப்பதற்கு முன்னால் அவருக்குப் போன் செய்து, "டிஸ்க்கைத் தொடாதீங்க, அப்படியே கழற்றிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

இவ்வளவு அவசரப்படுத்தக் காரணம் இருக்கிறது. திருவல்லிக்கேணியில் எங்களுக்குச் சின்னதாக ஓர் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, பில் புக், விசிட்டிங் கார்டு, அதோடு வருடா வருடம் காலண்டர். காலண்டர் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகும். அன்றிலிருந்து பழைய வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஆர்டர் பிடிக்க வேண்டும். 2013இல், ஆனி மாதக் கடைசியில், எங்கள் எக்ஸ்பி கம்ப்யூட்டர் விண்டோஸ் லோகோ வரைக்கும் வந்து அப்படியே நின்றது. மூன்று வாரத்தில் ஆடிப்பெருக்கு.

வந்த சர்வீஸ்காரர் நல்ல மனிதர்தான். "சி டிரைவ் மட்டும்தான் சார் ஃபார்மட் ஆகும், டியில இருக்கிறதெல்லாம் பத்திரமா இருக்கும்" என்றார். அவர் சொன்னது உண்மை. டியில் இருந்த டிசைன் எல்லாம் ஒன்றுகூடப் போகவில்லை. ஆனால் டெஸ்க்டாப்பில் வைத்ததும், மை டாக்குமெண்ட்ஸில் வைத்ததும், அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற மின்னஞ்சல் நிரலின் முகவரிப் புத்தகமும் சி டிரைவில்தான் இருக்கும் என்பது அப்போது அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. சாயங்காலம் புது விண்டோஸ் பளிச்சென்று வந்தது. அப்பா வாடிக்கையாளர் பட்டியலைத் திறக்கப் போனார். டெஸ்க்டாப்பில் ரீசைக்கிள் பின் மட்டும் இருந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 'கம்ப்யூட்டர் படுத்துவிட்டது' என்றால் என்ன படுத்தது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பவர் பட்டனை அழுத்தினால் உயிரே இல்லை என்றால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) அல்லது மதர்போர்டு; டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. லோகோ வரைக்கும் வந்து நிற்கிறது, நீலத்திரை வருகிறது என்றால் பல நேரம் விண்டோஸ் மட்டும்தான் கெட்டிருக்கும். டிஸ்க்கே கெட்டுக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு, அதனால் அதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்காதீர்கள். டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று ஒரே சீராகச் சத்தம் வருகிறதா? அப்படியானால் இந்த நிமிடமே மின்சாரத்தை நிறுத்துங்கள். உள்ளே படிக்கும் முனை தடுமாறுகிறது என்று அர்த்தம், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் தகடு கீறப்படலாம். அந்த நிலையில் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்து எடுக்கச் சொல்வார்கள். வெளியே எடுத்ததும் சென்னைக் காற்றின் ஈரம் முழுவதும் அதன்மேல் நீராகப் படியும், செய்யவே செய்யாதீர்கள். தரவு மீட்பு ஆய்வகத்தில் கொடுப்பது ஒன்றே வழி. செலவு ஆயிரங்களில் போகும். எதுவும் கிடைக்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டுமா என்பதை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சத்தம் இல்லையென்றால் நிறைய நம்பிக்கை இருக்கிறது. சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய், டிஸ்க்கை யுஎஸ்பியில் மாட்டும் கன்வெர்ட்டர் ஒன்று கேளுங்கள். சில நூறு ரூபாய்தான். கையோடு டிஸ்க்கை எடுத்துப் போவது நல்லது, ஏனென்றால் பழையவற்றின் இணைப்பு வகை ஐடிஇ, பிறகு வந்தவற்றுக்குச் சாட்டா. பழைய லேப்டாப் டிஸ்க்கில் இணைப்பு ஊசிகளின் அமைப்பே வேறு. அதை வேறொரு கம்ப்யூட்டரில் செருகுங்கள். விண்டோஸ் 'ஸ்கேன் செய்து சரிசெய்யவா', 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்டால் இரண்டுக்கும் வேண்டாம் என்று சொல்லுங்கள். விண்டோஸில் டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் நிரலையும் ஓட்ட வேண்டாம். அது டிஸ்க்கில் எழுதும், நமக்கு இப்போது படிப்பது மட்டும்தான் வேலை. பழைய டிஸ்க்கில் ஓர் எழுத்துகூடப் புதிதாக எழுதக் கூடாது என்ற ஒரு விதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கன்வெர்ட்டர் வாங்க முடியவில்லை என்றால் உபுண்டு என்ற இலவச இயங்குதளம் போட்ட பென்டிரைவில் அதே கம்ப்யூட்டரை எழுப்பலாம். உள்ளே இருக்கும் விண்டோஸ் கெட்டிருந்தாலும் ஃபோல்டர்கள் கண்ணில் படும்.

இனி எங்கே தேடுவது? எக்ஸ்பி என்றால் சி டிரைவில் 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்', அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் 'அப்ளிகேஷன் டேட்டா', 'மைக்ரோசாஃப்ட்', 'அட்ரஸ் புக்'. இதில் 'அப்ளிகேஷன் டேட்டா' மறைந்திருக்கும் ஃபோல்டர். மறைந்தவற்றைக் காட்டும்படி அமைப்பை மாற்றாமல் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அங்கே டபிள்யூஏபி என்று முடியும் கோப்புதான் அவுட்லுக் எக்ஸ்பிரஸின் முகவரிப் புத்தகம். பக்கத்திலேயே அலைக்குறியுடன் முடியும் இன்னொன்று இருக்கும், அது முந்தைய நகல். முதலாவது திறக்கவில்லை என்றால் இரண்டாவதை வேறு இடத்துக்கு நகலெடுத்து, அலைக்குறி இருக்கும் இடத்தில் பி என்று மாற்றித் திறந்து பாருங்கள். விண்டோஸ் 7இன் கான்டாக்ட்ஸ் ஃபோல்டரில் இம்போர்ட் செய்தால் உள்ளே வந்துவிடும். விஸ்டாவிலிருந்து உங்கள் பெயரிலுள்ள ஃபோல்டரிலேயே 'கான்டாக்ட்ஸ்' என்று தனியாக இருக்கும், ஆளுக்கு ஒரு கோப்பு. ஆஃபீஸோடு வரும் பெரிய அவுட்லுக் என்றால் பிஎஸ்டி என்று முடியும் கோப்பு; பழுதாகியிருந்தால் அதோடு வரும் ஸ்கேன்பிஎஸ்டி நிரலைக் கொண்டு சரிசெய்யலாம், ஆனால் நகலில் மட்டும். அவுட்லுக் 2007 வரை என்கே2 என்றொரு கோப்பும் உண்டு. மின்னஞ்சல் எழுத 'டு' கட்டத்தில் தட்டும்போது தானாக வந்து விழுமே, அந்த முகவரிகள் அதில்தான் இருக்கும். யாரும் அதைத் தேடுவதில்லை.

ஏற்கெனவே புது விண்டோஸ் போட்டுவிட்டார்களா? அப்போதும் முதலில் சி டிரைவில் 'விண்டோஸ் ஓல்டு' என்ற ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். ஃபார்மட் செய்யாமல் மேலே போட்டிருந்தால் பழையதெல்லாம் அதற்குள் போயிருக்கும். சில நாளில் தானே அழிந்துவிடக்கூடும், அதனால் உடனே நகலெடுங்கள்.

ஃபார்மட்டே ஆகிவிட்டது என்றால் எங்கள் கதைதான். அன்று ராத்திரியே டிஸ்க்கைக் கழற்றி, வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, போட்டோரெக் என்ற இலவச நிரலை ஓட்டினேன். பெயரில் போட்டோ இருந்தாலும் பல வகைக் கோப்புகளையும் தேடும். மீட்பதை வேறொரு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும், பழையதிலேயே சேமித்தால் மீட்க வேண்டியதன் மேலேயே எழுதிவிடும். விடிய விடிய ஓடியது. ஒன்று சொல்லிவிடுகிறேன், இது பழைய சுழலும் டிஸ்க்குக்குத்தான் பொருந்தும். எஸ்எஸ்டி என்ற சுழலாத புது வகை டிஸ்க் என்றால் அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும், ஃபார்மட்டுக்குப் பிறகு கிடைப்பது அபூர்வம்.

போட்டோரெக் கோப்புகளைத் தரும், பெயர்களைத் தராது. எஃப் போட்டு நீளமாக ஓர் எண், அவ்வளவுதான். எக்செல் கோப்புகளை மட்டும் பிரித்தேன், இருநூற்றுச் சொச்சம் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தேன். பழைய பில், சம்பளக் கணக்கு, பாதி உடைந்தவை. சிலவற்றில் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்த கிறுக்கல். அவற்றைக் கெட்டுப்போனவை என்று தனியே ஒதுக்கினேன்.

காலையில் எங்கள் டிடிபி அக்கா வந்தார். இருபது வருடமாகத் தமிழ் தட்டச்சு செய்பவர். திரையில் இருந்த கிறுக்கலைக் குனிந்து பார்த்தார். "தம்பி, இது கெட்டுப்போகல. பாமினில அடிச்சது. எழுத்துரு இல்லாததால இப்படித் தெரியுது" என்றார். ஒரு கட்டத்தில் விரல் வைத்து, "எம், கே, அரைப்புள்ளி, கே, எச். 'அம்மா'ன்னு இருக்கு பாரு" என்று வாசித்தார். அது 'அம்மா'வில் தொடங்கும் ஒரு மெஸ்ஸின் பெயர். புது விண்டோஸில் பாமினி எழுத்துரு இல்லை, அதுதான் சங்கதி. பென்டிரைவிலிருந்து எழுத்துருவைப் போட்டு, பெயர் வரிசையைத் தேர்ந்தெடுத்து பாமினிக்கு மாற்றினார். வரிசை முழுவதும் ஒரே கணத்தில் தமிழாக மாறியது. நான் ஒதுக்கி வைத்திருந்த கோப்பில்தான் அப்பாவின் பட்டியல் முழுதும் இருந்தது.

தமிழில் வேலை செய்த எல்லாருக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன். எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு பரவுவதற்கு முன்னால் பாமினி, வானவில், டிஸ்கி, டேப், டேம் என்று ஆளுக்கொரு குறியாக்கம் இருந்தது. மீட்ட கோப்பில் எண்கள் ஒழுங்காகத் தெரிந்து பெயர்கள் மட்டும் கிறுக்கலாக இருந்தால் அது பழுதல்ல, பழைய எழுத்துரு. அழித்துவிடாதீர்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச நிரலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். பெயர், முகவரி வரிசைகளை மட்டும் மாற்றுங்கள். மின்னஞ்சல் வரிசையையும் சேர்த்து மாற்றினால் ஆங்கிலமெல்லாம் பொருளில்லாத தமிழாகிவிடும்.

டிஸ்க் கிடைக்காவிட்டாலும் வழி அடைந்துபோவதில்லை. பழைய நோக்கியா வைத்திருந்தீர்களா? அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பிசி சூட் நிரலில் பேக்கப் எடுத்திருந்தால் என்பியு என்று முடியும் கோப்பு எங்காவது இருக்கும். என்பியு எக்ஸ்ப்ளோரர் என்ற நிரல் அதைத் திறந்து, எண்களை இன்றைய போனில் ஏறும் விசிஎஃப் கோப்புகளாகத் தரும். பழைய சிம் கார்டு இருந்தால் அதிலும் பாருங்கள், பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தாலும் எண் முழுதாக இருக்கும். மின்னஞ்சலின் சென்ட் பகுதியில் கடிதங்களின் அடியில் எண் இருக்கும். கூகுளில் தொடர்புகளை 30 நாள் வரை பின்னுக்குக் கொண்டுபோக முடியும், 'மற்ற தொடர்புகள்' என்ற பகுதியில் நீங்கள் சேமிக்காத முகவரிகளும் இருக்கும். பில் புக்கின் கார்பன் நகல், கூரியர் ரசீது, இவற்றையும் விடாதீர்கள். எங்களுக்கு நாற்பது எண்கள் பில் புக்கிலிருந்துதான் வந்தன.

மீட்ட பட்டியலை எக்செலில் திறக்கும்போது எண் வரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டுத் திறங்கள். 91 சேர்த்த 12 இலக்க எண்ணை எக்செல் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும், அதற்கு மீட்பே கிடையாது.

எண் பழையதாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள். ஏழு இலக்கச் சென்னை லேண்ட்லைன் எண்ணுக்கு முன்னால் 2 சேர்த்துப் பாருங்கள், பலவும் அப்படித்தான் எட்டு இலக்கமாயின. 98400, 98410 என்று தொடங்கும் பழைய செல் எண்களும் இன்னும் அதே ஆளிடம் இருக்கலாம். 2011 ஜனவரியிலிருந்து எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ள முடிகிறதே. வேறு யாராவது எடுத்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு அந்த எண்ணைப் பட்டியலில் அடித்துவிடுங்கள்.

அப்பா அந்தப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, பேனாவோடு லேண்ட்லைன் பக்கத்தில் உட்கார்ந்தார். மயிலாப்பூர் மளிகைக் கடை ஒன்றின் எண் 499 என்று தொடங்கியது. அதற்கு முன்னால் 2 எழுதிச் சுழித்துவிட்டுப் போட்டார். இரண்டாவது தடவை மணி அடித்ததுமே எடுத்தார்கள். "ஆல்பம் வந்ததும் எடுத்துட்டு வாங்க. போன தடவை தேதி எழுத்து சின்னதா போச்சு, இந்தத் தடவை பெரிசா இருக்கிறது காட்டுங்க" என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது. அப்பா பெயருக்கு நேரே 'பெரிய எழுத்து' என்று எழுதிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனார்.

உங்கள் கம்ப்யூட்டரில் எந்த விண்டோஸ், எண்களை எதில் வைத்திருந்தீர்கள், டிஸ்க்கில் சத்தம் வருகிறதா என்ற மூன்றையும் எழுதுங்கள். எந்தக் கோப்பை முதலில் தேட வேண்டும் என்று சொல்கிறேன். அதுவரைக்கும் டிஸ்க்கை ஒரு துணியில் சுற்றி, ஈரம் படாத அலமாரியில் வைத்திருங்கள்.