பி.எஃப். பணத்தை எதில் போடுவது?

கேள்வி: என் வயது 61. கோவையில் தனியார் நிறுவனத்தில் போன மாதம் ஓய்வு பெற்றேன். பி.எஃப்., கிராஜுவிட்டி சேர்த்து 38 லட்சம் வந்திருக்கிறது. மாதப் பென்ஷன் 2,900 ரூபாய். எனக்கு சர்க்கரை உண்டு. மனைவிக்கு 58 வயது. கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸ் இன்னும் மூன்று மாதம்தான். மொத்தப் பணத்தையும் ஃபிக்ஸட் டெபாசிட்டில் போடச் சொல்கிறான் மகன். சரியா?

பதில்: டெபாசிட் பத்து நாள் பொறுக்கும். இன்சூரன்ஸ் பொறுக்காது. குரூப் பாலிசி உயிரோடு இருக்கும்போதே, அதே இன்சூரன்ஸ் கம்பெனியிடம் தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். அந்த உரிமை உங்களுக்கு உண்டு. ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தராத ஆரம்ப வருடங்களைக் காத்திருப்புக் காலம் என்பார்கள்; இத்தனை வருடம் அதில் இருந்ததும் அந்தக் காலத்தில் கழியும். குரூப் பாலிசி முடிந்தபின் புதிதாக எடுத்தால், சர்க்கரை தொடர்பான சிகிச்சைக்கு 3 வருடம்வரை காத்திருக்க வேண்டிவரலாம். வயதாகிவிட்டால் பாலிசியே கிடையாது என்பது பழைய கதை. 65 வயது வரம்பு 2024-லேயே போய்விட்டது. சர்க்கரையை மட்டும் மறைக்காதீர்கள். ஏஜென்ட் சொன்னாலும் வேண்டாம்.

பிரீமியத்துக்கு முன், ஆஸ்பத்திரி அறை வாடகைக்கு பாலிசி வைத்திருக்கும் வரம்பைப் பாருங்கள். 5 லட்சம் பாலிசியில் 1 சதவீதம் என்றிருந்தால் நாளுக்கு 5,000. நீங்கள் 8,000 ரூபாய் அறை எடுத்தால், அந்த 3,000 வித்தியாசத்தோடு போகாது. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் என்று வரும் 2 லட்சத்திலும் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 1,25,000 மட்டுமே தருவார்கள். 75,000 உங்கள் கைக்காசு. டிஸ்சார்ஜ் அன்று பில் கவுன்டரில்தான் பலருக்கு இது தெரியவருகிறது. வரம்பே இல்லாத பாலிசிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுவது தேவலாம்.

இனி வருமானம். தபால் ஆபீஸிலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம்வரை போடலாம். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். மாதக் கணக்கில் 20,500. சேரும் நாளின் வட்டியே 5 வருடத்துக்கும். மனைவியை ஜாயின்ட்டாகச் சேருங்கள், அவருக்கு 60 ஆகியிருக்க வேண்டியதில்லை. ஒரு வருடத்துக்குள் எடுத்தால் வட்டி கிடையாது, அதன்பிறகு 5 வருடம் முடியுமுன் எடுத்தாலும் அசலில் கொஞ்சம் பிடிப்பார்கள். அதனால்தான் 38 லட்சத்தையும் இதில் முடக்க வரம்பு விட்டாலும் நான் சொல்லமாட்டேன்.

மீதி 8 லட்சத்தில் 3 லட்சத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி இருவர் பெயரிலும் வங்கியில் வையுங்கள். அட்மிஷன் போடும்போது கட்டச் சொல்லும் அட்வான்ஸுக்கு அதுதான் உதவும். 5 லட்சத்தை மகன் சொல்வதுபோல் டெபாசிட் செய்யலாம்; அந்த வட்டி பிரீமியத்துக்கு. மாத்திரை, டெஸ்ட் செலவு மாதாமாதம் வருவது, அது குடும்பச் செலவுக் கணக்கில் போகட்டும்.

வட்டி வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் டி.டி.எஸ்., அதாவது வட்டியிலேயே முன்கூட்டி வரி, பிடிப்பார்கள். உங்களுக்கு வரி வராது என்பதால் அப்படிப் பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் 15எச் படிவத்தை (2026 ஏப்ரலிலிருந்து அதன் எண் 121) ஏப்ரலிலேயே கொடுத்துவிடுங்கள்.