மாடி அறையை வங்கதேசக் குடும்பத்துக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: வேலூரில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. நான்கு வயதுப் பையனின் இதய ஆபரேஷனுக்காக வங்கதேசத்திலிருந்து வரும் பெற்றோர் கேட்கிறார்கள். நாங்கள் சைவம். கொடுக்கலாமா? நோயாளிக் குழந்தையின் வீட்டாரிடம் வாடகை வாங்குவது பாவமில்லையா?
- ஒரு வாசகி, தோட்டப்பாளையம்

பதில்: தாராளமாகக் கொடுங்கள். பதினோரு வருஷமாக எங்கள் பின்கட்டு அறையில் இப்படிப்பட்டவர்கள்தான் தங்குகிறார்கள்.

முதலில் சட்டம். வெளிநாட்டவர் வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள் பாஸ்போர்ட், விசா விவரத்தைக் குடியேற்றத் துறை இணையதளத்தில் ஏற்றிவிட வேண்டும். லாட்ஜ்காரர்கள் சி ஃபார்ம் என்பார்களே, அதுதான். வீட்டில் தங்க வைத்தாலும் உண்டு. மெடிக்கல் விசாவில் குழந்தைக்குத் துணையாகச் சிலர்தான் வர முடியும். பெரும்பாலும் அம்மா, அப்பாதான் வருவார்கள். மற்ற பிள்ளைகள் ஊரில் பாட்டியிடம் இருக்கும். போன வருஷம் வந்தவர் தன் கைக்கடிகாரத்தை நம் நேரத்துக்கு மாற்றவே இல்லை. அரை மணி முந்திய டாக்கா நேரம் பார்த்துத்தான் மகளுக்குப் போன் போடுவார்.

மீன் விஷயத்தை அவர்கள் வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அடுப்பு கொடுத்தால் மீனும் கடுகெண்ணெயும் மணக்கும். அது ஆகாதென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும், வருத்தமில்லை. அடுப்பில்லாமல் மட்டும் கொடுக்காதீர்கள். ஆரம்பத்தில் நான் தினமும் பொங்கலும் சாம்பாரும் கொடுத்தனுப்பினேன். ஒரு நாள் கொல்லைப்புறம் போனால், தெருநாய் என் பொங்கலைத் தின்றுகொண்டிருக்கிறது! அப்போது எங்களிடம் தங்கியிருந்த பையனுக்கு அவன் அம்மா குழைய வடித்த சோறுதான் இறங்கும். அம்மாவை அவன் 'அம்மு' என்றுதான் கூப்பிடுவான். அங்கே வழக்கமே அப்படித்தானாம். நம் ஊரில் அம்மாக்கள்தான் பிள்ளையை அம்மு என்பார்கள். எனக்குக் கடைசி வரை பழகவில்லை.

ஆபரேஷன் முடிந்து வரும் பிள்ளையை ஆசையாக அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிடாதீர்கள். நெஞ்செலும்பைப் பிளந்து சேர்த்திருந்தால், ஒட்ட ஆறு வாரமாவது ஆகும். பின்புறத்தின் கீழே ஒரு கை, தோளுக்கும் பிடரிக்கும் பின்னால் ஒரு கை என்று அள்ளி எடுக்க வேண்டும். இதை எனக்கு அந்த அம்முதான் செய்து காட்டினாள். உங்கள் வீட்டில் யாருக்காவது சளி என்றால் மாடிப் பக்கமே போக வேண்டாம். ஆபரேஷனுக்கு முன்னால் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலே தேதி தள்ளிப்போகும். அதனால் வாடகையை வாரக் கணக்கில் பேசுங்கள். "எப்போது ஊருக்கு?" என்று கேட்காதீர்கள், அது அவர்களுக்கே தெரியாது.

பாவமா என்றீர்களே, நியாயமான வாடகை வாங்குங்கள். ஒரு குடும்பத்தை நான் சும்மா தங்க வைத்தேன். குழாய் ஒழுகுகிறது என்று சொல்லக்கூட அவர்களுக்கு வாய் வரவில்லை. ஒன்பது நாள் ராத்திரி எழுந்து எழுந்து பக்கெட் மாற்றியிருக்கிறார்கள்.