வாசல்படியில் ஊசியும் நூலும்

கேள்வி: வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். எனக்கு 39 வயது, அம்மாவுக்கு 68. சில மாதங்களாகத் துணி விஷயத்தில் ஒரே தலைவலி. கருநீலத் துணியோடு சேர்த்து ஊறவைத்ததில் என் வெள்ளைச் சட்டை நான்கில் சாயம் ஏறிவிட்டது. ஒரு சட்டையில் இஸ்திரிப் பெட்டி பட்டுப் பழுப்புத் தடம். இன்னொன்றில் பேனா மை கொட்டியிருந்ததைக் கவனிக்காமல் துவைத்து, இஸ்திரியும் போட்டாகிவிட்டது. கறுப்பு பேண்ட்டுக்குக் கருநீல நூலில் பட்டன் தைத்திருக்கிறார். போன வாரம் மட்டும் இரண்டு கண்ணாடி டம்ளர் உடைந்தது, தூள் இன்னும் காலில் குத்துகிறது. வயதாகிவிட்டதால் அம்மாவுக்குக் கவனம் போதவில்லை. ஒரு பட்டன் தைக்கச் சொன்னால்கூட ஊசியை எடுத்துக்கொண்டு வாசல்படியில் போய் உட்கார்ந்துவிடுகிறார். அரைமணி நேரம் ஆகிறது, எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிறது. இதையெல்லாம் வீட்டிலேயே சரிசெய்ய வழி சொல்லுங்கள், அம்மா சுலபமாகச் செய்யக்கூடிய வழியாக. (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, ஊசியை எடுத்துக்கொண்டு அம்மா ஏன் வாசலுக்குப் போகிறார் என்று அவரிடம் ஒரு தடவையாவது கேட்டீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்டிருந்தால் இந்தக் கடிதத்தை எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள், கண் டாக்டருக்குப் போன் செய்திருப்பீர்கள். வெளிச்சம் தேடித்தான் அவர் வாசலுக்குப் போகிறார். வீட்டுக்குள் எரிகிற விளக்கு உங்களுக்குப் போதும், அவருக்குப் போதவில்லை. ஊசிக் காதை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். நூல் முனையை எச்சில் தொட்டு முறுக்குகிறார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாக நுழைத்துப் பார்க்கிறார். நூல் காதுக்கு வெளியே போகிறது. மறுபடியும் எச்சில், மறுபடியும் முறுக்கல். உள்ளேயிருந்து நீங்கள் "ஆச்சா?" என்று குரல் கொடுக்கிறீர்கள். அந்த அரைமணி நேரத்தில் 25 நிமிடம் நூல் கோர்க்கவே போயிருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே திரும்பப் படியுங்கள். கருநீலத்தை வெள்ளையோடு போட்டார். கறுப்புக்குக் கருநீல நூல் எடுத்தார். பாக்கெட்டில் மை இருந்தது தெரியவில்லை. இஸ்திரிப் பெட்டியைச் சூடு அதிகமாக வைத்துவிட்டார். டம்ளரை மேஜை விளிம்பில் வைத்தார், விழுந்தது. ஐந்து புகாரும் போய் நிற்கிற இடம் ஒன்றுதான். "கவனம் போதவில்லை" என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அவர் கவனிக்காமல் இல்லை, தம்பி. அவருக்குக் கண் தெரியவில்லை.

வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மெல்ல மஞ்சளாகி மங்குகிறது. மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி. நீல ஒளி சரியாக உள்ளே போகாது. கருநீலம், கறுப்பு, கரும்பழுப்பு மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். உங்கள் பேண்ட்டில் இருக்கும் நூல் அவர் கண்ணுக்குக் கறுப்பு நூல்தான். இது கண்புரையாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். அதை நான் சொல்லக் கூடாது, டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்புரை என்றால் அறுவை சிகிச்சை உண்டு. பெரும்பாலும் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து முடித்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் கண் அழுத்த நோயாக இருந்தால் கதை வேறு. அதில் போன பார்வை போனதுதான், திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும். அதனால்தான் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே நான் வேண்டாம் என்கிறேன். சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அதுவும் விழித்திரையைக் கெடுக்கும்.

உங்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்றும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா பத்திரிகைகளை ஒன்று விடாமல் படிப்பவர். ஒரு கட்டத்தில் நான் எழுதுவதைப் புரட்டிவிட்டு, "இப்பல்லாம் படிக்கிற மாதிரியா எழுதறீங்க" என்று கீழே வைக்க ஆரம்பித்தார். எனக்குச் சுருக்கென்றது. நாலைந்து மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் மின்சாரக் கட்டண ரசீதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தொகையைத் தேடினார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பெரியவர்கள் நேராகச் சொல்ல மாட்டார்கள். எழுத்து சரியில்லை என்பார்கள், பல்பு சரியில்லை என்பார்கள், ஊசி காது சின்னது என்பார்கள். கண் தெரியவில்லை என்று சொன்னால் கையிலிருக்கும் வேலையைப் பிடுங்கிவிடுவார்கள், பாரம் என்று நினைத்துவிடுவார்கள் என்கிற பயம். பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும். கூடவே இருப்பது என்றால் ஒரே கூரைக்குக் கீழே தூங்கி எழுவது மட்டுமா?

அப்புறம் அந்தக் கடைசி வரி. "அம்மா சுலபமாகச் செய்யக்கூடிய வழியாக." 39 வயது. சட்டை உங்களுடையது, மை உங்கள் பேனாவுடையது, பாக்கெட்டில் மூடாமல் வைத்தது உங்கள் கை. சரிசெய்வது மட்டும் அவரா? கீழே சொல்வதெல்லாம் உங்களுக்கு. நீங்கள்தான் செய்யப்போகிறீர்கள்.

மைக்கறையில் தண்ணீரை ஊற்றித் தேய்க்காதீர்கள், பரவும். பால்பாயிண்ட் மைக்கு சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டும். முதலில் சட்டையின் உள் மடிப்பில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், துணியின் நிறம் போகிறதா என்று. போகவில்லை என்றால், கறைப்பக்கம் கீழே இருக்கும்படி மடித்த பழைய வெள்ளைத் துணிமேல் சட்டையைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்திலிருந்து ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒற்றுங்கள். மை கீழே இருக்கும் துணிக்கு இறங்கும். அந்தத் துணியை இடம் மாற்றிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் இறங்கின மை திரும்ப ஏறும். ஸ்பிரிட் பக்கத்தில் நெருப்பு கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். உங்கள் சட்டையில் ஏற்கெனவே இஸ்திரி போட்டாகிவிட்டது, சூடு பட்ட கறை பிடித்துக்கொள்ளும். முழுதாகப் போகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், மங்கும். எந்தக் கறையானாலும் போனது உறுதியாகும்வரை இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

சாயம் ஏறிய சட்டைகள் பருத்தி என்றால் ஆக்சிஜன் பிளீச் தூளை (குளோரின் இல்லாத வெளுக்கும் தூள்), அதன் உறையில் போட்டிருக்கும் அளவில் வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். ஒரே தடவையில் போகாது, இன்னொரு முறை செய்யுங்கள். பட்டு, கம்பளி பக்கம் இதைக் கொண்டுபோக வேண்டாம். குளோரின் பிளீச் எடுக்கிறேன் என்று கிளம்பினால் ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: அதோடு வினிகரோ கழிப்பறை கழுவும் அமிலமோ சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். கண் மங்கிய ஒருவர் இருக்கும் வீட்டில் இந்த பாட்டில்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்கவே கூடாது. லேபிளைப் படித்து எடுக்க அவரால் முடியாது.

பழுப்புத் தடத்தை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். நூல் பொடியாக உதிர்ந்தால் கருகிவிட்டது, விட்டுவிடுங்கள். பாலியெஸ்டரில் பளபளவென்று இருந்தால் உருகியிருக்கிறது, அதற்கும் மருந்தில்லை. வெள்ளைப் பருத்தியில் வெறும் மஞ்சள் தடம் என்றால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடில் நனைத்த துணியை அதன்மேல் போட்டு, காயாமல் ஈரமாக வைத்திருந்து, பிறகு நன்றாக அலசுங்கள். வண்ணத் துணியில் செய்தால் நிறம் போய்விடும்.

இஸ்திரிப் பெட்டியின் திருகில் இருக்கும் புள்ளிகளை நீங்கள் எப்போதாவது பார்த்ததுண்டா? ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி, இரண்டு 150, மூன்று 200. சட்டைக் காலருக்குள் இருக்கும் துணிச்சீட்டிலும் இதே புள்ளிகள்தான். கடுகைவிடச் சின்னப் புள்ளிகள். அவற்றை எண்ணித்தான் உங்கள் அம்மா இத்தனை நாளும் சூடு வைத்துக்கொண்டிருந்தார். இனி உங்கள் துணிக்கு நீங்களே இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். சட்டை கருகியதோடு போயிற்று, அவர் கை பட்டிருந்தால்?

கண்ணாடித் தூளைக் கையால் தடவித் தேடாதீர்கள். பெருக்கி எடுத்தபின் காகிதத் துண்டை நனைத்துத் தரையில் ஒற்றி ஒற்றி எடுங்கள், கண்ணுக்குத் தெரியாத தூளும் ஒட்டிக்கொண்டு வரும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடியுங்கள், மிச்சமிருப்பது மினுக்கும். கும்பிட்டுக் கேட்கிறேன், இதை இன்றைக்கே செய்யுங்கள். உங்கள் காலில் குத்துவதை எழுதினீர்கள், அவர் காலைப் பார்த்தீர்களா? கண்ணாடி டம்ளர்களை மேலே ஏற்றிவிட்டு, பளிச்சென்று நிறமுள்ள, உடையாத டம்ளர் நாலு வாங்கிப் போடுங்கள். நிறமில்லாத கண்ணாடி எங்கே இருக்கிறது, மேஜை எங்கே முடிகிறது என்பது அவருக்குத் தெரிவதில்லை. அதே கண்ணோடுதான் அவர் படியும் இறங்குகிறார், அடுப்பும் பற்றவைக்கிறார்.

பட்டன் மிச்சம். ஒரு கை நீளத்துக்கு மேல் நூல் எடுக்காதீர்கள், சிக்கும். முனையைச் சாய்வாக வெட்டி, ஊசிக்குப் பின்னால் வெள்ளைக் காகிதம் பிடித்தால் காது தெரியும். பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியை வைத்துக்கொண்டு தையுங்கள். கடைசியில் குச்சியை உருவிவிட்டு, பட்டனுக்கு அடியில் நூலை நாலு சுற்று இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். அந்தச் சின்னக் கழுத்து இருந்தால்தான் பட்டன் துணியை இழுக்காமல் மாட்டும், சீக்கிரம் அறாது. இதை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள், அவர் சொல்லித் தரட்டும். நீங்கள் கோணலாகத் தைப்பீர்கள், அவர் சிரிப்பார். சிரிக்கட்டும். கையிலிருந்து வேலையைப் பிடுங்கி மூலையில் உட்காரவைப்பது ஒரு நாளும் எனக்குச் சம்மதமில்லை.

கடையில் தயாராகத் தொங்கும் கண்ணாடி ஒன்றை வாங்கிக் கொடுத்துத் தப்பித்துவிடப் பார்க்காதீர்கள். இந்த வாரத்துக்குள் டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். முழு நாள் லீவு போடுங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்துப் பார்ப்பார்கள், அதன்பின் சில மணி நேரம் கண் கூசும், கிட்டே இருப்பது தெரியாது. கையைப் பிடித்து அழைத்துவர ஆள் வேண்டும். பாதியில் விட்டுவிட்டு ஆபீஸுக்கு ஓட முடியாது.

கறுப்பு பேண்ட்டில் இருக்கும் கருநீல நூலை இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்பார். "தெரியலையே" என்று அம்மா உங்கள் முகத்தைப் பார்ப்பார். அந்த பட்டனை அவர் எந்த மாதம் தைத்தார் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.