இதயத்துக்கு பம்பு வைத்த பிறகும் மாற்று இதயம் எதற்கு?

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தைத் தள்ள அதற்குத் தெம்பு போதவில்லை, அவ்வளவுதான். மாத்திரைக்கும் அடங்காதபோது மாற்று இதயம்தான் நல்ல வழி. ஆனால் ரத்த வகையும் உடல் அளவும் பொருந்தும் இதயம் கிடைக்க வேண்டும். ஐஸில் வைத்துக் கொண்டுவரும் இதயத்தைச் சுமார் 4 மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். அதுவரை நோயாளி தாங்க வேண்டுமே, அதற்குத்தான் இந்த பம்பு.

இதை இடது கீழறையின் நுனியில் பொருத்துவார்கள். அங்கிருந்து ரத்தத்தை இழுத்து மகாதமனிக்கு, அதாவது உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்க்கு, அனுப்பும். வயிற்றுத் தோல் வழியே ஒரு வயர் வெளியே வந்து, இடுப்பில் மாட்டிய கன்ட்ரோலருக்குப் போகும். வெளியே போகும்போது பேட்டரி, தூங்கும்போது வீட்டு கரண்ட். வயர் வரும் இடத்தில் கிருமி தொற்றலாம், அதனால் குளம், ஆற்றுக் குளியல் எல்லாம் கிடையாது. ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை வேறு.

ஒரு வேடிக்கை: பலருக்கு மணிக்கட்டில் நாடி தட்டுப்படாது. அடிபம்பில் தண்ணீர் விட்டுவிட்டு வரும், மோட்டாரில் ஒரே சீராக வரும் இல்லையா, அதே கதைதான்.

மாற்று இதயம் வந்தால் வயரும் பேட்டரியும் போய்விடும். ஆனால் உடம்பு அதை விரட்டாமலிருக்க ஆயுசு முழுக்க மருந்து உண்டு. வயது, வேறு நோய் காரணமாக மாற்று இதயம் ஒத்துவராதவர்கள் பம்போடே காலம் தள்ளுவதும் உண்டு.

அப்புறம், பம்பு வைக்கும்போது சொந்த இதயத்தை எடுத்துவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது உள்ளேயே இருந்து தன்னால் முடிந்த மட்டும் துடித்துக்கொண்டிருக்கும்.