சேர்ந்து வரித் தாக்கலா, தனித்தனியா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரே வீட்டில் வசிக்கிறோம். எனக்கு ஆண்டுக்கு சோஷியல் செக்யூரிட்டி (அரசு தரும் ஓய்வுக்காலத் தொகை) 24,000 டாலர், பென்ஷன் 14,000. மனைவிக்கு வட்டி 4,000. தனித்தனியாக வரித் தாக்கல் செய்தால் லாபமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சோஷியல் செக்யூரிட்டியில் பாதி, மற்ற வருமானம், வரியில்லாத முனிசிபல் பத்திர (மாநில, உள்ளாட்சி அரசுகள் வெளியிடும் கடன் பத்திரம்) வட்டி மூன்றையும் கூட்டுங்கள். சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு இந்தத் தொகை 32,000-ஐத் தாண்டாதவரை சோஷியல் செக்யூரிட்டிக்கு வரி கிடையாது. உங்களுக்கு 12,000 + 14,000 + 4,000, அதாவது 30,000தான். தப்பித்தீர்கள்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனியாகத் தாக்கல் செய்தால் அந்த வரம்பு பூஜ்யம். 24,000-இல் 85 சதவீதமான 20,400 டாலர் வரிக்குரிய வருமானத்தில் சேர்ந்துவிடும். இதை 85 சதவீத வரி என்று நினைத்துப் பலர் பதறுகிறார்கள். அப்படியல்ல, அந்தத் தொகைக்கு உங்கள் வழக்கமான விகிதத்தில்தான் வரி.

தனியாகத் தாக்கல் செய்பவருக்கு 25,000 வரம்பு கிடைக்க, ஆண்டு முழுவதும் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் சேர்ந்திருந்தாலும் போச்சு!

32,000 என்ற வரம்பு 1984-இலிருந்து அப்படியே நிற்கிறது. விலைவாசிக்கேற்ப உயர்த்தவே இல்லை. பென்ஷன் சற்று ஏறினாலும் நீங்கள் அதைத் தாண்டலாம், கவனம்.

ஏற்கெனவே தனித்தனியாகத் தாக்கல் செய்துவிட்டீர்களா? தாக்கலுக்கான கெடு தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள், திருத்தத் தாக்கலுக்கான 1040-எக்ஸ் படிவத்தில் கூட்டுத் தாக்கலாக மாற்றலாம். கூட்டுத் தாக்கலைக் கெடு தாண்டியபின் தனியாக்க முடியாது.